பசுந்தாங் முந்தானை மாஸ்டர்

பெண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகிறவன் என்று ஊரில் எத்தனையோ பேரைச் சொல்வார்கள். அதை நடுத்தெருவில், பட்டப்பகலில், நிஜமாகவே கையால் பிடித்துக்கொண்டு நடந்த ஆண்பிள்ளை உலகத்திலேயே ஒருவர்தான். ரங்கூன் பசுந்தாங்கில் எங்கள் மாடிக்குக் கீழே தையல் கடை வைத்திருந்தவர். முந்தானை மாஸ்டர் என்று அவருக்குப் பெயர் வைத்த புண்ணியவான் நான்தான்.

காரைக்கால் பக்கத்து ஆள். பிழைக்கப் போன இடம் கம்போடியா. அங்கே போபா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் ரங்கூன் வந்து சேர்ந்தார். கம்போடியாக் கல்யாணத்தில் ஒரு சடங்கு உண்டு. மணப்பெண் முன்னால் நடக்க, மாப்பிள்ளை அவள் தோள் சால்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அறைக்குள் போக வேண்டும். நாகலோகத்து ராஜாவின் மகளைக் கட்டிய இளவரசன் ஒருவன் அப்படித்தான் தண்ணீருக்கடியில் மாமனார் வீட்டுக்குப் போனானாம். மற்ற மாப்பிள்ளைகள் அறைக்குள் போனதும் நுனியை விட்டுவிடுவார்கள். நம்மவர் விடவில்லை. மார்க்கெட்டுக்குப் போனாலும் போபா முன்னால், மாஸ்டர் பின்னால், நடுவில் மஞ்சள் சால்வை.

அங்கெல்லாம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு போய் இருப்பானாம். பசுந்தாங்கில் மாமனார் வீட்டுக்கு எங்கே போவது? கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையையே போபாவின் வீடு என்று அறிவித்துவிட்டார். தினமும் சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் "வா" என்று சொல்லும்வரை வாசலில் நிற்பார். சண்டை போட்ட நாட்களில் அந்த "வா" வர வெகுநேரமாகும். மழையில் தொப்பலாக நனைந்தபடி நிற்பார்.

மணமக்களின் முடியில் பெரியவர்கள் கத்தரி வைப்பதும் அந்த ஊர் வழக்கம். எங்கள் தெருக் கல்யாணம் ஒன்றில், தாலி கட்டி முடிந்த கையோடு, துணி வெட்டும் கத்தரியைத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் மாப்பிள்ளையை நெருங்கினார். மாப்பிள்ளையின் தாயார் மயங்கி விழுந்தார். அன்றைக்கு மாஸ்டருக்குப் பந்தியில் இடம் கிடைக்கவில்லை.

ஒருமுறை போபா ஏறியதும் பஸ் கிளம்பிவிட்டது. நுனியை விடாமல் அடுத்த நிறுத்தம்வரை கூடவே ஓடினார். தெருவே சிரித்தது. என் மனைவி மா கின் மட்டும் சிரிக்கவில்லை. பர்மியப் பெண், என்னைக் கட்டிக்கொண்டு தமிழ் கற்றவள்.

"அவரு கைய விடல, பாத்தீங்களா" என்றாள்.

பிறகு கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மாஸ்டரின் கடை போயிற்று, என் குமாஸ்தா வேலை போயிற்று. ஊர் திரும்பத் தமிழர்கள் கப்பலுக்கு வரிசை கட்டினார்கள்.

துறைமுகத்தில் அவர்கள் எனக்கு முன்னால் நின்றார்கள். போபாவின் இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. மாஸ்டருக்கும் குழந்தைக்கும் காகிதம் சரியாக இருந்தது. போபாவின் காகிதம் செல்லாது என்று அதிகாரி கையை விரித்துவிட்டார். இந்தக் கப்பலை விட்டால் மாஸ்டருக்கு ஊர் போய்ச்சேர வேறு வழி இல்லை. ரங்கூனில் வேலையும் இல்லை.

பெரிய புத்திசாலி மாதிரி நான் அவர் காதில் சொன்னேன். "நீ முன்னால போ மாஸ்டர். காயிதம் சரியானதும் அது பின்னால வரட்டும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முன்னால போயிப் பழக்கமில்லண்ணே" என்றார்.

போபா திரும்பி நடந்தாள். மாஸ்டர் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். நான் கப்பலில் ஏறி, அந்த மஞ்சள் மறையும்வரை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று காலையில் வாசற்படியில் மா கின்னிடம் நான் சொல்லிவிட்டு வந்ததும் அதே வார்த்தைதான். நான் முன்னால் போகிறேன், நீ பின்னால் வா. இரண்டு வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

மாஸ்டர் இருந்தால் இந்த வயதிலும் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில்தான் நிற்பார். போபா, மழை வந்தால் அவரைச் சீக்கிரம் உள்ளே கூப்பிடு, தாயி.