மாமனாருக்கு நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்

பட்டியலின் முதல் வரியைப் படித்ததும் கமா நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். வரி அப்படியேதான் இருந்தது.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடிருந்தது. பாறை, மணல், நிலநடுக்கம், நிலத்தடி நீர் என்று பூமி சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் வெளியிடும் அந்தப் புவி அறிவியல் ஆய்விதழில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறவர் என்பதால், எல்லாருக்கும் அவர் கமா. மனைவி மட்டும் கோபம் வந்தால் முற்றுப்புள்ளி என்பாள்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் மதிப்பீட்டுக் குழு இன்னும் இரண்டு மாதத்தில் வரப்போகிறது. முதல்முறையாக இந்தத் தடவை குழு பார்க்கப்போவது ஒன்றே ஒன்றுதான். இந்த இதழில் வந்த கட்டுரைகளை மற்ற ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்? எண்ணிக்கை போதவில்லையென்றால் இதழை மூடிவிடுவார்கள். மூடிவிட்டால், கல்லூரியில் ஒரு மகளை வைத்துக்கொண்டு, ஐம்பத்து நாலு வயதில், எனக்குக் கமா போடத் தெரியும் என்று எந்த வாசலில் போய் நிற்பது?

அதனால்தான் 'ஆய்வுப் போக்கும் மேற்கோள் தாக்கமும்' என்ற அறிக்கையைத் தயாரிக்கும்படி எடிட்டர் அவரிடம் ஒப்படைத்திருந்தார். போக்கு சுலபமாக முடிந்தது. ஆரம்பத்தில் எல்லாரும் பாறையைப் பற்றி எழுதினார்கள். பிறகு தண்ணீரைப் பற்றி எழுதினார்கள். இப்போது பாறையைப் பற்றி எழுதுகிறவர்களும் தலைப்பில் பருவநிலை மாற்றத்தை ஒரு ஓரமாகச் சேர்த்துவிடுகிறார்கள். தாக்கத்துக்கு வந்தபோதுதான் அந்த முதல் வரி குறுக்கே வந்து நின்றது.

இதழிலேயே அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை, 'ஆற்று மணலின் மெதுவான நகர்வு'. நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள். அடுத்த இடத்திலிருந்த கட்டுரைக்குப் பத்தொன்பது.

சங்கடம் என்னவென்றால், அப்படி ஒரு கட்டுரை கிடையாது. அதை எழுதியவராகக் குறிப்பிடப்பட்டிருந்தவர் கமாவின் மாமனார். ஆயுள் முழுக்கக் கடிகாரம் ரிப்பேர் செய்தவர். மணலோடு அவருக்கு இருந்த ஒரே சம்பந்தம், கடற்கரைக்குப் போனால் செருப்பிலிருந்து அதை உதறுவதுதான்.

இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால், கட்டுரை அனுப்புகிறவர்களுக்கான விதிமுறைப் பக்கத்தைக் கமாதான் தயாரித்தார். மேற்கோளை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி தேவைப்பட்டது. முதலில் பெயர், பிறகு வருடம், தலைப்பு, பக்கம், நடுவில் எங்கெங்கே கமா. அப்போது கல்யாணமான புதிது. மாமனார் மேல் மரியாதை இருந்த காலம். அவர் பெயரைப் போட்டு, வாய்க்கு வந்த ஒரு தலைப்பை வைத்து, 211 முதல் 219 வரை என்று பக்க எண்ணும் கொடுத்துவிட்டார்.

எழுதுகிறவர்கள் அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்துத் தங்கள் மேற்கோள் பட்டியலை நிரப்பியிருக்கிறார்கள். மாதிரி வரியை அழிக்கச் சிலருக்கு மறந்துவிட்டது. அந்தப் பட்டியலைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள் அதையும் சேர்த்துக் காப்பியடித்தார்கள். பட்டியலில் இருக்கிறதே என்று சிலர் கட்டுரைக்குள்ளும் இழுத்துவிட்டார்கள். ஒருவர்கூடப் படித்துப் பார்க்கத் தேடவில்லை என்பதுதான் இதில் கமாவுக்கு நேர்ந்த ஒரே அதிர்ஷ்டம்.

அவர் செய்த முதல் காரியம், அந்த வரியை அறிக்கையிலிருந்து தூக்கியது. மறுநாளே எடிட்டர் கூப்பிட்டனுப்பினார். கூட்டுத்தொகையில் நானூற்றுப் பன்னிரண்டு இடிக்கிறதே, அது எங்கே என்று கேட்டார். தட்டச்சில் ஒரு வரி விட்டுப்போச்சு என்று கமா சமாளித்து, கையோடு சேர்த்துக் கொடுத்தார். எடிட்டருக்கு அந்த வரியைப் படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"யாருங்க இந்த மனுஷன்? இத்தனை வருஷமா நம்ம கண்ணுல படாமலே இருந்திருக்காரு. குழு வர்ற அன்னிக்குக் கூப்பிட்டு முன் வரிசையில உக்கார வெச்சிரலாம்."

"அவர் காலமாயிட்டாரு சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது கமாவுக்கே உறைத்தது. அந்த நேரத்தில் மாமனார் கமாவின் வீட்டு ஹாலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, செய்தித்தாளைத் தெருவுக்கே கேட்கும்படி படித்துக்கொண்டிருப்பார்.

எடிட்டர் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார். கமாவும் நிற்க வேண்டியதாயிற்று. நின்று முடித்ததும், அந்த மேதையின் படத்தைக் கூட்ட அறையில் மாட்டியே ஆக வேண்டும், படம் வைத்திருப்பவர்கள் கொடுத்து உதவும்படி செய்தித்தாளில் விளம்பரம் செய்யலாம் என்றார் எடிட்டர். அந்தச் செய்தித்தாளை நாளை காலை யார் சத்தமாகப் படிப்பார் என்பது கமாவுக்குத் தெரியும். தனக்கு அந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் தெரியும், படத்துக்குத் தானே ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவரை மனைவி கையும் களவுமாகப் பிடித்தாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

"வேலையைக் காப்பாத்திக்க எங்கப்பாதான் கிடைச்சாரா? எத்தனை நாளா அவரைச் சாகடிச்சு வெச்சிருக்கீங்க?"

"இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்துதான்."

அவள் ஆல்பத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். மகளின் படிப்புக்கு இன்னும் இரண்டு வருடம் இருப்பது அவளுக்கும் தெரியும். பிறகு அவளே ஒரு படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். கண்ணில் கடிகார லென்ஸைச் செருகிக்கொண்டு மாமனார் கையிலிருக்கும் எதையோ உற்றுப் பார்க்கிற படம். கறுப்புச் சட்டம் போட்டுக் கூட்ட அறையில் மாட்டியதும் எடிட்டர் அதன் முன்னால் நின்று, "கல்லை எவ்வளவு ஆழமாப் பாக்கறாரு பாருங்க" என்றார்.

அதோடு விட்டிருந்தால் கமாவும் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார். எடிட்டர் விடவில்லை. சிறப்பிதழ் ஒன்று போட்டு அந்தக் கட்டுரையை மறுபடி பிரசுரிக்க வேண்டும், பழைய தொகுதியை எடுத்து வாருங்கள் என்றார். அந்த வருடத்துத் தொகுதி நூற்றுத் தொண்ணூற்றாறாம் பக்கத்தோடு முடிகிறது என்பது கமாவுக்கு மனப்பாடம். கூரை ஒழுகி அந்தத் தொகுதி நனைந்துவிட்டது, பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டது என்றார். அப்படியா, மாலையில் வந்து பார்க்கிறேன் என்று எடிட்டர் சொல்லிவிட்டார்.

சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் கீழே போனதும் கமா பின்னறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டார். அலமாரியிலிருந்து தொகுதியை இறக்கினார். குடிதண்ணீர்ப் பாத்திரத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு அதன் மேல் ஊற்றினார். போதவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினார். ஒரு ஒற்றெழுத்து விடுபட்டாலே தூக்கம் வராத மனிதர் அவர். ஒவ்வொரு வரியும் தான் திருத்திய வரி என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே யாரோ நடக்கிற சத்தம் கேட்டதும் அழுகையை அடக்கிக்கொண்டு சொம்பை அலமாரிக்குப் பின்னால் ஒளித்தார்.

ஊறி உப்பியிருந்த தொகுதியைப் பார்த்த எடிட்டர் உச்சுக் கொட்டிவிட்டு, நாற்பது நூலகங்களுக்குக் கடிதம் எழுதிப் பிரதி கேட்போம் என்றார். நாற்பது நூலகங்களும் ஒரே குரலில் அப்படி ஒரு பக்கமே இல்லை என்று பதில் எழுதினால் என்ன ஆகும்? கடிதமே வேண்டாம், குடும்பத்தாரிடம் கையெழுத்துப் பிரதி இருக்கிறது, வாங்கி வந்துவிடுகிறேன் என்றார்.

ஆக, இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால் வெளிவந்த கட்டுரையை, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கமா எழுதினார். விஷயத்துக்குப் பஞ்சமில்லை. அந்தக் கட்டுரையில் என்ன சொல்லியிருக்கிறது என்பதை மேற்கோள் காட்டியவர்கள் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்கள். மணல் வருடத்துக்கு ஒரு சாண் நகர்கிறது என்று அது நிறுவியதாக ஒருவர் எழுதியிருந்தார். நகரவே இல்லை என்று அது நிறுவியதாக இன்னொருவர் எழுதியிருந்தார். யார் மனமும் புண்படக்கூடாது என்று, சில இடங்களில் நகர்கிறது, சில இடங்களில் நகர்வதில்லை என்று கமா எழுதினார்.

காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்த மனைவி, "இதெல்லாம் உண்மையா?" என்று கேட்டாள்.

"நானூத்திப் பன்னிரண்டு பேர் சொல்றாங்க."

இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் மாமனார் மேசையிலிருந்த தாள்களை எடுத்து வழக்கம்போல உரக்கப் படித்தார். நல்லவேளையாக, அவர் பெயர் எழுதியிருந்த முதல் தாள் கமாவின் சட்டைப் பைக்குள் இருந்தது. எழுதியவன் விஷயம் தெரிந்தவன், ஆனால் பயந்தாங்கொள்ளி என்று சொல்லித் தாள்களை வைத்துவிட்டுப் போனார்.

சிறப்பிதழ் வெளிவந்தது. குழுவும் வந்தது. குழு என்று பெயரே தவிர வந்தவர்கள் இரண்டே பேர். தலைவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், அந்த வயதுக்கு மிகப் பெரிய பதவி. கூடவே கோப்புகளைச் சுமந்துகொண்டு குழுவின் செயலாளரான ஒரு பெண்மணி. கமா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கூட்ட அறை வாசலில், எதற்கும் வசதியாக இருக்கட்டும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே நுழைந்த தலைவர் நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றார். கீழே எழுதியிருந்த பெயரை இரண்டு முறை படித்தார்.

"இவர் இப்போ...?"

எடிட்டர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். தலைவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். சந்தேகம் வந்துவிட்டது என்று கமாவுக்குத் தோன்றியது. அடுத்தடுத்து வந்த கேள்விகள் அதை உறுதி செய்தன. அவர் வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா? கடிதங்கள் இருக்கின்றனவா? அவரோடு ஆற்றுக்குப் போய் மணலை அளந்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா? ஒவ்வொரு கேள்விக்கும் இல்லை என்று பதில் வர, தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். போலீஸ்காரர்கள் இப்படித்தான் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டுக் கடைசியில் கையில் விலங்கை மாட்டுவார்கள் என்று கமா நினைத்தார்.

எடிட்டர் பெருமையாகச் சிறப்பிதழை நீட்டினார். தலைவர் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். சில இடங்களில் நகர்கிறது, சில இடங்களில் நகர்வதில்லை என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு வரிகூட நகரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். பிறகு மூலத் தொகுதியைப் பார்க்க வேண்டும் என்றார்.

காய்ந்து முறுக்கிக்கொண்டிருந்த தொகுதியைக் கமாவே கொண்டுபோய் வைத்தார். தலைவர் நகத்தால் பக்கங்களைப் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை. மூடி வைத்துவிட்டு, எடிட்டரைத் தனியாக உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

முடிந்தது என்று கமா தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். இழுப்பறையிலிருந்த சொந்தப் பேனா, மாத்திரை டப்பா, மகளின் பள்ளிக்கூடப் படம் எல்லாவற்றையும் பைக்குள் போட்டார். எப்படியும் இன்றைக்கு எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். மகளிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

செயலாளர் அம்மா கோப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து எதிரே உட்கார்ந்தார். அறிக்கை ஒழுங்காக இருக்கிறது, ஒரு சின்ன வேலை மட்டும் பாக்கி என்றார்.

"பட்டியல்ல முதல் கட்டுரைக்கு மட்டும் மூலப் பக்கத்தோட நகல் ஒண்ணு வேணும். இல்லைன்னா ஏன் இல்லைன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருங்க."

கையெழுத்து என்றதும் கமா உடைந்துபோனார். விதிமுறைப் பக்கம், கல்யாணமான புதிது, கடிகார லென்ஸ், இரண்டு சொம்புத் தண்ணீர், இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று விடாமல், ஒரு கமாகூட இல்லாமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அந்தக் கட்டுரை இந்த உலகத்திலேயே கிடையாது, எல்லாம் தான் செய்த தப்பு, எடிட்டருக்கு ஒன்றும் தெரியாது, இதழை மட்டும் மூடிவிடாதீர்கள் என்று கைகூப்பினார். கடைசியில் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

செயலாளர் அம்மா பேனாவை மூடினார். எழுந்து போய் உள்ளறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, இந்த அறைக் கதவையும் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார்.

"மெதுவாப் பேசுங்க சார். அந்தக் கட்டுரை தப்புன்னு நிரூபிச்சுத்தான் எங்க தலைவர் டாக்டர் பட்டமே வாங்கினாரு."