நான் பீருக்குத் தாளித்த கதை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து, மை தொட்ட கோழி நடந்துபோன மாதிரி இருக்கும். எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றைக் கிறுக்கி வைத்திருக்கிறேன், நீங்களே சரியாக வாசித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்று, கரூரில் ஒரு மெஸ்ஸில் சேர்ந்து, கரண்டியைப் பிடித்துக்கொண்டே டெக்சாஸ் வரைக்கும் வந்துவிட்டவன் நான். இது பேனா பிடித்த கை இல்லை.

அந்தக் கையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சமையல்காரன் கைக்குத் தனியாக ஒரு மூளை உண்டு. தலையில் இருக்கிற மூளையை அது ஒன்றும் கேட்காது. (என் விஷயத்தில் கேட்டும் பெரிய பிரயோஜனம் இல்லை என்பது வேறு.)

என் தங்கை செல்வியின் வீட்டுக்காரர் முரளி, ரவுண்ட் ராக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்ஜினியர். நான் பக்கத்தில் ஆஸ்டினில் ஓர் ஓட்டலில் சமையல். லீவு நாளில் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். அந்த வீட்டில் ஒரு விசித்திரம், சுவரில் ஒரு படம்கூட மாட்டியிருக்காது. கிரீன் கார்டு கைக்கு வராமல் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டேன் என்று செல்வி சபதம் போட்டிருந்தாள். ஆணி அடித்த மறுநாளே ஊருக்குக் கிளம்பு என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம். அதனால் கல்யாணப் போட்டோ, மாமனார் போட்டோ, முருகன் படம் எல்லாம் தரையில் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். முருகனைக் கும்பிட வேண்டுமென்றால் குத்தவைத்து உட்கார வேண்டும்.

மாப்பிள்ளையின் மேனேஜர் பெயர் வால்டர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனியில் கிரீன் கார்டு வேலையைத் தொடங்குவார்கள். அந்தக் காகிதம் அவர் மேஜையில் மாதக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையோ வாய் திறந்து கேட்க மாட்டார். கூச்சத்தில் எனக்கு அண்ணன்.

இந்த வால்டருக்கு உயிர், வீட்டிலேயே பீர் காய்ச்சுவது. கார் நிறுத்துகிற இடத்தில் காரைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும், பானை, வாளி, பாட்டில் என்று. வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுத் தோட்டத்தில் நண்பர்கள் ஒரு போட்டிக்குக் கூடுவார்கள். ஆளுக்கொரு பீர் காய்ச்சிக் கொண்டுவர வேண்டும். அதில் யாரும் போடாத ஏதாவது ஒரு பொருள் இருக்க வேண்டும். ஒருவர் பூசணிக்காய் போடுவாராம். ஒருவர் காப்பிக்கொட்டை. ஒரு புண்ணியவான் சிப்பியைப் போட்டாராம். மாப்பிள்ளை பீரை நாக்கில்கூட வைத்ததில்லை. ஆனாலும் ஆபீஸ் நடையில் வால்டர் அதைப் பற்றிப் பேசியபோது, “நானும் காய்ச்சுவேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கிரீன் கார்டைக் கேட்க வாய் வராத மனுஷனுக்கு இது மட்டும் எப்படி வந்ததோ.

வந்தவர் ஒரு வாளி, டப்பாவில் மால்ட் என்கிற பார்லிப் பாகு, ஈஸ்ட், ஒரு தடிப் புத்தகம் எல்லாம் வாங்கி வந்தார். புத்தகத்தை முழுக்கப் படித்தார். அதன் பிறகுதான் தனக்கு வெந்நீர் வைக்கவே வராது என்பது ஞாபகம் வந்து எனக்குப் போன் போட்டார்.

“மச்சான், ஒண்ணும் பயப்படாதீங்க. கொதிக்க விடணும், வாசனைச் சாமான் போடணும், வடிகட்டணும். கிட்டத்தட்ட நம்ம ரசம் மாதிரிதான்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

பீருக்குக் கசப்பு வர ஹாப்ஸ் என்று ஒரு காய்ந்த பூவைப் போடுகிறார்கள். ஒன்றை வாயில் போட்டு மென்றேன். அதற்கு ஒன்றுவிட்ட தம்பி செல்வியின் அலமாரியில் இருந்தான். ஊரிலிருந்து வந்த வேப்பம்பூ. வருஷப் பிறப்புப் பச்சடிக்கு என்று அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததில் ஒரு கைப்பிடி வாங்கினேன். கொஞ்சம் வெல்லம், கொஞ்சம் மிளகு. பெரிய பானை, நல்ல தீ. மாப்பிள்ளை தெர்மாமீட்டரும் கையுமாக, பிரசவ வார்டு வாசலில் நிற்பவர் மாதிரி நடந்துகொண்டிருந்தார். அப்போது ஆபீஸிலிருந்து போன் வந்தது. “ஏதோ சர்வர் டவுனாம். கொதிச்சதும் இறக்கிடுங்க மச்சான்” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

நான் தனியாக நின்றேன். பானையில் மஞ்சளாக நுரை கூடி வந்தது. மிளகு வாசனை. வெல்ல வாசனை. ரசம் நுரை கூடியதும் என்ன செய்வோம்? இறக்குவோம். இறக்கியதும்?

சத்தியமாக நான் எதையும் நினைக்கவில்லை. என் கை தாளிப்புக் கரண்டியை எடுத்தது. நல்லெண்ணெய் ஊற்றியது. கடுகு வெடித்தது. காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டது, கறிவேப்பிலையை உருவிப் போட்டது, பெருங்காயத்தைத் தாராளமாகத் தட்டியது. ஓட்டல் கை இல்லையா, அளவும் ஓட்டல் அளவு. சொய்ங் என்று பானையில் கொட்டி, மணம் போகாமல் இருக்க மூடியும் போட்டது. அதற்குப் பிறகுதான் தலையில் இருந்த மூளை வேலைக்கு வந்தது.

சத்தம் கேட்டு மாப்பிள்ளை இறங்கி வந்தார். பாதிப் படியிலேயே மூக்கு அவரை நிறுத்திவிட்டது.

“மச்சான், என்ன பண்ணீங்க?”

“தாளிச்சேன்.”

“எதை?”

நான் பானையைக் காட்டினேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைக்குப் போன் செய்தால், சாமான் அடுத்த வாரம்தான் வருமாம். அப்புறம் காய்ச்சினால் அந்தச் சனிக்கிழமைக்குள் புளித்துத் தயாராகாது. கொட்டலாம் என்றார் மாப்பிள்ளை. “என் வேப்பம்பூ உள்ள இருக்கு” என்று செல்வி குறுக்கே நின்றாள். எண்ணெயை வழித்து, மிச்சத்தைப் பேப்பர் துண்டால் ஒற்றி, என் பழைய வேட்டியைத் துவைத்து அதில் வடிகட்டி, ஈஸ்ட் போட்டு மூடினோம். அது பாட்டுக்குப் புளித்தது. நாள் வந்ததும் பாட்டிலில் அடைத்தோம். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் இன்னிக்கு ரசமா என்று கேட்டார்கள்.

சனிக்கிழமை, மாப்பிள்ளை டை கட்டிக்கொண்டார். எனக்கு அவருடைய கோட்டு. கை விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. பாட்டிலைத் தூக்கிவந்து பேசாமல் நிற்பது என் வேலை. (பேசாமல் நிற்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.) வால்டர் ஆறடிக்கு மேல் உயரம். ஓக் மரத்தின் மகரந்தம் பறக்கிற காலம் என்பதால் மூக்கு அடைத்து, கண் சிவந்து, கைக்குட்டையும் கையுமாக இருந்தார்.

மற்றவர்கள் ஊற்றியபோது கிளாஸில் வெள்ளையாக நுரை பொங்கியது. எங்களுடையதை ஊற்றினால் நுரை என்ற பேச்சே இல்லை. எண்ணெய் பட்ட பீரில் நுரை நிற்காதாம். மேலே பொன்னிறமாகச் சின்னச் சின்னக் கண்கள் மிதந்தன. வேட்டியிலிருந்து தப்பிய ஒரே ஒரு கடுகு, வால்டர் கிளாஸில் ஊர்வலம் வந்தது.

ஓர் அம்மாள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மீதியை ரோஜாச் செடிக்கு விட்டார். பூசணிக்காய் ஆசாமி இருமினார். வால்டர் முழுக் கிளாஸையும் குடித்துவிட்டு அசையாமல் நின்றார். முகம் சிவந்துகொண்டே போனது. மாப்பிள்ளை டையைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ கண் முன்னால் தரையில் சாய்ந்திருக்கும் முருகன் படம்தான் தெரிந்தது. என் கையால் வந்த வினை. அமெரிக்கா வந்ததிலிருந்து பேசாமல் சேர்த்து வைத்த இங்கிலீஷ் முழுவதையும் அன்றைக்கே செலவழித்தேன்.

“சார். ஹி குட் மேன். ஐ பேட். மை ஹேண்ட் தாளிப்பு. ப்ளீஸ் கிரீன் கார்டு.”

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். வால்டர் வாயைத் திறந்தார். பேசுவதற்குப் பதிலாகத் தும்மினார். ரோஜாச் செடியே ஆடுகிற தும்மல். அப்புறம் மெதுவாக மூச்சை உள்ளே இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். மூக்கின் இரண்டு பக்கமும் திறந்துவிட்டிருந்தன.

“இதைச் சூடு பண்ண முடியுமா?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

எனக்குப் புரிந்த ஒரே கேள்வி அதுதான். அவர் வீட்டு அடுப்பில், அவர் பாத்திரத்தில், பீரைச் சூடு பண்ணிக் கொடுத்தேன். கை இன்னும் கொஞ்சம் கடுகு தேடியது. மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார்.

போட்டியில் எங்களுக்குக் கடைசி இடம். மீதிப் பாட்டில்களை வால்டர் தானே வைத்துக்கொண்டார். திங்கள்கிழமை அவரே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, உன் மச்சான் ஏதோ கார்டு என்றாரே, அது என்ன என்று விசாரித்தாராம். மாப்பிள்ளை மேஜையைக் காட்டியிருக்கிறார். பீர் புத்தகங்களுக்கு அடியில் கிடந்த காகிதம் அன்றைக்கே கையெழுத்தாகிப் போனது.

கையெழுத்துக்கு அப்புறமும் கார்டு வரச் சில வருஷம் பிடித்தது. வந்த அன்றைக்குச் செல்வி சுத்தியலோடு ஹாலுக்கு வந்தாள். முதல் ஆணி யாருக்கு, முருகனுக்கா, மாமனாருக்கா என்று நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவள் சமையலறைக்குப் போய், அந்தத் தாளிப்புக் கரண்டியைக் கொண்டுவந்து மாட்டினாள்.

இன்றைக்கும் அது அங்கேதான் தொங்குகிறது, முருகனுக்கு ஒரு சாண் மேலே. யார் வந்தாலும் இது என்ன என்று கேட்பார்கள். மாப்பிள்ளை கதையை ஆரம்பிப்பார். நான் எழுந்து காப்பி போடப் போய்விடுவேன். அப்போது பின்னாலிருந்து செல்வியின் குரல் தவறாமல் வரும்.

“அண்ணே, காப்பிக்குத் தாளிச்சிடாதீங்க.”

ரவுண்ட் ராக்,
2001 ஏப்ரல் 14, சனிக்கிழமை. சித்திரை முதல் நாள். பச்சடிக்கு வேப்பம்பூவை இந்தத் தடவை செல்வியே எண்ணிக் கொடுத்தாள்.