மொத்தமா காய்ச்சிருக்கு!

மாமனார் கொடுத்த விதையில் வளர்த்த தக்காளிச் செடி, தையல்காரரின் இஸ்திரி மேசை ஓரத்தில் சருகாகி நின்றது. கொஞ்சம் சூடு கிடைக்கட்டும் என்று தொட்டியை அங்கே வைத்தவர் சாட்சாத் தையல்காரரேதான்.

நான்கு தலைமுறையாகக் காப்பாற்றி வந்த விதை! மாமனார் வீட்டில் மாமனாரே ஆனாலும் அந்தச் செடியை எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும். "கண்டவங்க கை பட்டா வாடிடும்" என்பார் மாமியார். பறிப்பதும் அவர்தான். அந்த விதையில் ஐந்தை மாமனார் கொடுத்தார், முளைத்தது ஒன்று. கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவர் மாப்பிள்ளையை நம்பியது இந்த ஒரு தடவைதான். அதுவும் போச்சு.

"உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

போனில் சொன்னார். "மாமா, செடி காய்ஞ்சிடுச்சு."

"காய்ச்சிடுச்சா!" ஒரே ஓர் எழுத்து. மாமனாரின் காது அதை வெட்டி வேறு தைத்துவிட்டது. "எத்தனை?"

"ஐயோ, ஒண்ணுகூட மிச்சமில்ல மாமா. மொத்தமா..."

"மொத்தமா காய்ச்சிருக்கா! வெளியே சொல்லாதீங்க, கண்ணு பட்டுடும். நாளைக்கே வர்றோம்!"

மறுநாள் விடிந்ததும் தையல்காரர் நாற்றுப் பண்ணைக்கு ஓடினார். இருந்ததோ பூகூட விடாத செடி. பழத்துக்குக் கடைக்கு ஓடினார். ஒன்பது பழங்களைச் சிவப்பு நூலால் கிளைகளில் கட்டினார். பழத்துக்கு ஏற்ற நூல், தொழில் தெரிந்தவராயிற்றே! பாரம் தாங்காமல் செடி குப்புறச் சாய்ந்தது. துணி அளக்கும் ஸ்கேலை முட்டுக் கொடுத்தார்.

"ஒரு பழத்துல கடை ஸ்டிக்கர் இருக்குங்க!" என்றாள் மனைவி.

அதை உரிப்பதற்குள் வாசல் மணி அடித்தது.

மாமியாரோடு உள்ளே வந்து செடியைப் பார்த்ததும் மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "மாப்ளே, ஒண்ணே ஒண்ணு நான் பறிச்சுக்கட்டுமா? என்னை இவ விட்டதே இல்ல."

இழுத்தார். தையல்காரர் போட்ட முடிச்சாயிற்றே! பழம் வரவில்லை. ஸ்கேல் வந்தது, செடி வந்தது, தொட்டியும் கூடவே வந்தது.

"அடேயப்பா, என்ன பிடி! பரம்பரை விதைன்னா சும்மாவா!"

கண் படும் என்றவரே தொட்டியை அணைத்துக்கொண்டு, ஸ்டிக்கர் பளபளக்க, தெருவுக்குக் காட்ட ஓடினார். மனைவி பதறிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

மாமியார் மட்டும் தரையில் கிடந்த சிவப்பு நூல் துண்டை எடுத்துப் பார்த்தார். தையல்காரர் நூல்கண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"பச்சை நூல்ல கட்டணும், மாப்பிள்ளை. இருபது வருஷமா நான் அப்படித்தான் கட்டறேன்."