எட்டாம் தளத்துப் பால்கனியிலிருந்து ஒரு போர்ப் பிரகடனம்

அன்புள்ள மருமகள் மார்னிக்கு,

உன் தாய்மாமன், ஃபார்கோ நகரத்துப் பனியை முப்பத்தொரு வருஷம் தனியொருவனாக எதிர்த்து நின்ற ஆர்வில், அநேக ஆசீர்வாதங்களோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். உன் சௌக்கியத்தை விசாரிக்க வேண்டியதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று நீ தட்டுகிற தட்டிலேயே உடம்பு கல் மாதிரி இருப்பது தெரிகிறது. திறக்க மாட்டேன். எழுதி முடித்ததும் இதைக் கதவடியில் தள்ளுவேன். அதற்குள் உனக்குக் கை வலித்தால் டெவினைத் தட்டச் சொல். புருஷன் என்று ஒருவன் வேறெதற்கு இருக்கிறான்?

போன குளிர்காலத்தில், "மாமா, குடும்பத்தோட அலாஸ்காவுக்குக் கப்பல்ல போறோம், நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டாய். நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன்: பால்கனி வைத்த அறை, பனியாற்றுக்கு முன்னால் கப்பல் நிற்கும் அந்த ஒரு காலைப் பொழுது, கையில் காபி. நகராட்சியின் பனி லாரியில் உட்கார்ந்து அடுத்தவன் வழியிலிருந்து பனியைத் தள்ளியே கிழவனானவன் நான். யாரும் என்னைத் தள்ளச் சொல்லாத பனியை ஒரு தடவையாவது சும்மா உட்கார்ந்து பார்க்கணும்னு ஆசைப்பட்டேன்டி, அது ஒரு குத்தமா? பால்கனி வைத்த 8114-ஆம் அறை என் பேரில் பதிவானது. ஜன்னலே இல்லாத உள்ளறை உன் அம்மா வெர்னாவுக்கும் அப்பா கிளேட்டனுக்கும். நாலு படுக்கை அறை உனக்கும் டெவினுக்கும் இரட்டைக் குட்டிகளுக்கும். எவ்வளவு ஒழுங்கான உலகம்! அது சியாட்டில் துறைமுகத்திலிருந்து நாற்பது நிமிஷம் நீடித்தது.

கப்பல் லேசாக ஆடியதும் உன் அம்மா கடல் மயக்கத்தில் பச்சையாக மாறினாள். "அண்ணா, உன் ரூம்ல காத்து வருது, ஒரு குட்டித் தூக்கம் போட்டுக்கறேன்" என்றாள். அந்தக் குட்டித் தூக்கம் வளர்ந்து ஆளாகி இரண்டு நாள் ஆனது. நான் கிளேட்டனோடு. குறட்டைக்காக அவன் ராத்திரி மூஞ்சியில் மாட்டிக்கொள்ளும் மூச்சு மிஷின் போட்ட சத்தத்தில் கனடாக் கரைக் கரடிகள் குட்டிகளோடு ஊரைக் காலி பண்ணின. அவனோ காலையில் எழுந்து "மச்சான், நீங்க குறட்டை விடறீங்க" என்கிறான்! சரி, உன் அம்மா தேறி எழுந்து இரண்டு தட்டு இறாலை விழுங்கியதும் என் சாவியைக் கேட்டேன். "ஐயோ மாமா, எங்களுக்குக் கல்யாண நாள், அந்த ரூம் எங்களுக்கு வேணும்" என்றாய் நீ. உன் கல்யாணம் நவம்பரில் நடந்தது, சர்ச் வாசலில் பனி தள்ளியவனே நான், இது ஜூலை மாசம்! "முன்கூட்டியே கொண்டாடறோம் மாமா" என்று டெவின் இளித்தான். அப்புறம், அப்பாவுக்கு அம்மா பக்கத்தில் இல்லாமல் தூக்கம் வரவில்லையாம், குழந்தைகள் அறையில் ஒரு பெரியவர் இருந்தே ஆகணும்னு கப்பல் சட்டமாம், அதனால அறுபத்தொன்பது வயசுல நான் ஏணி ஏறிக் கூரையிலிருந்து இறக்கிவிடுகிற கட்டிலில் வௌவால் மாதிரி தொங்கணுமாம். தொங்கினேன். உன் ஏழு வயசு அரக்கிகள் என் பல் செட்டைத் திருடி, அறைப் பணியாள் துண்டில் செய்து வைத்த யானைக்கு மாட்டிவிட்டார்கள். யானை என்னைவிட அழகாக இருந்தது. அதையும் பொறுத்தேன்.

ஆனால் இன்று காலை நடந்ததைப் பொறுக்க நான் என்ன மரக்கட்டையா? "மார்னி, இன்னிக்குத்தான் பனியாறு, ஒரு மணி நேரம் என் பால்கனியைக் கொடு" என்று கெஞ்சினேன். நீ அப்பத்தின் மேல் பாகை ஊற்றிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், "நீங்க பார்க்காத ஐஸா மாமா? நேத்து டின்னர்ல பழக்கமான எட்டுப் பேரை ரூமுக்குக் கூப்பிட்டிருக்கோம். நீங்க மேல்தளத்துல நின்னு பாருங்களேன்" என்றாய். எட்டுப் பேர்! பேர் தெரியாத எட்டுப் பேர்! என் காதிலிருந்து வந்த புகையைப் பார்த்துக் கப்பலுக்கு மூன்றாவது புகைபோக்கி முளைத்துவிட்டது என்று ஜனங்கள் படம் எடுத்தார்கள்.

நேரே வரவேற்பு மேஜைக்குப் போனேன். "சாவி தொலைஞ்சு போச்சும்மா." அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். "8114 உங்க பேர்லதானே இருக்கு சார்? இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" "ஆகாயத்துல தொங்கிட்டிருந்தேன்." "பழைய சாவி எல்லாத்தையும் ரத்து பண்ணிடட்டுமா?" "பண்ணு தாயே, நீ நல்லா இருப்பே."

ஆகவே, டெவினின் பதினோரு ஜோடிச் செருப்பும் உன் சுருள்முடிக் கருவியும் நடைபாதையில் காற்று வாங்குகின்றன. நான் குளியலங்கியில், காபியோடு, சக்கரவர்த்தியாக உட்கார்ந்திருக்கிறேன். நான் சாகும்வரை, அதற்குப் பின்னும் ஒரு வாரம், இந்தக் கதவு திறக்காது.

குட்டிகளுக்கு முத்தம். வெர்னாவுக்கு அன்பு. கிளேட்டனுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
8114-இன் ஒரே சட்டபூர்வ உரிமையாளன்,
ஆர்வில் மாமா

பி.கு.: மேலே கடைசிப் பத்தியை எழுதும்போது இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு தேவாலயம் அளவுக்குப் பனி உடைந்து விழுந்ததாம், பக்கத்துப் பால்கனிக்காரன் சொன்னான். கப்பலில் மூவாயிரம் பேர் பார்த்தார்கள். குனிந்து உன்னைத் திட்டி எழுதிக்கொண்டிருந்த நானும், கதவைத் தட்டிக்கொண்டிருந்த நீங்களும்தான் பார்க்கவில்லை. பனியாற்று உச்சியில இன்னொரு விரிசல் தெரியுதாம். கதவைத் திறந்துட்டேன். சீக்கிரம் வாங்கடி, அந்த எட்டுப் பேரையும் கூட்டிட்டு வாங்க. இதை அப்புறம் படிச்சுக்கலாம்.