ஆளுக்கு ஐம்பது மரம்

உடம்பு தேறினால் உத்தியோகமும் தேறும் என்று நம்பி, ஒரு தோட்டத்தையே அழவைத்தவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த சமயம். ஈப்போவுக்குத் தெற்கே சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சீவிப் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர் வருஷப் பிறப்பன்று துரைக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிடப் போன இடத்தில் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சொன்னார்: "தொரை இந்த வருஷம் ஒடம்ப எளைக்கப் போறாராம், பெரிய வேலைக்கும் போவப் போறாராம். எழுதியே வச்சிருக்காரு." உடனே எனக்கும் ஆசை வந்துவிட்டது. (துரைக்கு வந்த காய்ச்சல் கூலிக்கு வரக்கூடாதா?) நெஞ்சை நாலு அங்குலம் அகலமாக்குவது, தீபாவளிக்குள் கிராணிக்கு உதவியாள் ஆவது என்று நாங்கள் குடியிருந்த லயத்துச் சுவரில் கரித்துண்டால் எழுதினேன். எழுத்துப்பிழையோடுதான்.

தினமும் பெரட்டில் பேர் கூப்பிடுவதற்கு முன்பே தண்டால் எடுத்தேன். பால் வாளிகளில் தண்ணீர் நிரப்பி, காண்டாக் கட்டையில் மாட்டித் தோளில் சுமந்து லயத்தைச் சுற்றி ஓடினேன். என்னோடு பால் வெட்டிய என் மனைவி செல்லம்மா அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். "பகல் பூரா அதத்தானே தூக்குறீங்க, வெள்ளனயும் அதயேவா தூக்கணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மூச்சு வாங்கிக்கொண்டே இன்னொரு சுற்று ஓடினேன்.

மூன்றே மாதத்தில், என் பங்கு மரங்களை மற்றவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வெட்டி முடித்தேன். பால் வடிகிற நேரத்தில் ஆபீஸ் வாசலில் நின்று கிராணியிடம் இங்கிலீஷ் எழுத்துப் படித்தேன். துரை கண்ணில் படவேண்டும் என்று சட்டையைக் கழற்றிவிட்டே நின்றேன். பட்டுத் தொலைத்தேன்.

"நீ எல்லா மரம் வெட்டி முடிஞ்சது?" என்றார் துரை.

"எட்டரைக்கே முடிச்சிட்டேங்க தொரே!"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பையே வேலை உத்தரவாக எடுத்துக்கொண்டு லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

மறுநாள் பெரட்டில், எங்களை வேலை வாங்கும் கங்காணி கத்தினார்: "இன்னையிலருந்து ஆளுக்கு அம்பது மரம் கூட! சம்பளம் அதேதான். இவன் எட்டரைக்கு முடிக்கிறான், ஒங்களுக்கு என்னா கேடுன்னு தொரை கேக்குறாரு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ரொம்ப நல்லாருக்குலா மச்சான், இன்னும் நாலு தண்டால் எடு" என்றான் பக்கத்தில் நின்றவன். செல்லம்மா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. ஐந்து மாத வயிற்றோடு நின்ற அவளுக்கும் ஐம்பது மரம் கூடியிருந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவளுடைய ஐம்பதையும் நானே வெட்டினேன். தேறிய உடம்பெல்லாம் அதற்கே சரியாகப் போயிற்று. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. தீபாவளிக்கு உதவியாள் வேலை கங்காணியின் மச்சினனுக்குக் கிடைத்தது. அவன் ஒரு வாளியைத் தூக்கிக்கூட நான் பார்த்ததில்லை. கூட்டிய மரங்களை யாரும் குறைக்கவுமில்லை.

இப்போது ஈப்போவில் இருக்கிறோம். வீட்டில் யாராவது "இந்த வருஷம் நான்..." என்று ஆரம்பித்தால் போதும், செல்லம்மா குறுக்கே விழுவாள்: "மெதுவா பேசுலா! தொரை காதுல விழுந்தா எங்களுக்கும் அம்பது மரம்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். அவள் இதுவரை ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.