ஆஸ்டின் காருக்கு ஆள் கிடைத்தது

கொழும்பில் கடை நடத்தும் சிவனணைந்தபெருமாளுக்கு, தென்காசியில் இருக்கும் மனைவி முத்துவடிவு இழைத்த கொடுமைகள், வரிசைப்படி:

ஒன்று. ஐம்பத்தெட்டில் அவர் வாங்கிய பழைய ஆஸ்டின் காரில், அவருக்கு முன்பே ஏறி உட்கார்ந்தாள்.

இரண்டு. ஐம்பத்தொன்பதில் அவரைக் கேட்காமல் கார் ஓட்டப் படித்தாள். அவர் இன்னும் ‘பாப்பா’ என்றே கூப்பிடும், இப்போது பத்தொன்பது வயதாகும் மகளுக்கும் பழக்கினாள்.

மூன்று. அறுபதில் ஒன்பது பெண்களை அடைத்துக்கொண்டு வாசுதேவநல்லூர்க் கல்யாணத்துக்குப் போனாள். சமையல்காரனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

நான்கு. அறுபத்தொன்றில், அவர் லீவில் வந்து ஸ்டேஷனில் இறங்கியபோது, கார் ஐந்தருவியில் சாரல் அனுபவித்துக்கொண்டிருந்தது. அவர் மாட்டுவண்டியில் வீடு வந்தார்.

அந்த வண்டியிலேயே தீர்மானம் போட்டார்: காரை விற்பது, முத்துவடிவை வீட்டோடு இருத்துவது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஆண்கள் போடும் தீர்மானங்களில் இந்த வசதி உண்டு. எதிர்த்துக் கை தூக்குகிறவர்களைக் கூட்டத்துக்கே கூப்பிடுவதில்லை.

“ஏட்டி, காரை விக்கப் போறேன்.”

“வித்துருங்க.”

சண்டைக்கென்று வண்டியிலேயே யோசித்து வந்த பதினோரு வாதங்களுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

“வெள்ளிக்கிழமை நான் கப்பலேறணும். அதுக்குள்ள ஆளு கெடைக்கணுமே.”

“ஒரு ஆளு ரூவாயோட நிக்குது. நீங்க சொல்லுத வெலைதான். பேரம் கெடையாது.”

“யாருட்டி அது?”

“பேரை எப்படிச் சொல்லுவேன்? உங்க அம்மை பேரு.”

இருபத்திரண்டு வருஷத்தில் மாமியார் பேரை முத்துவடிவு உச்சரித்ததில்லை. குற்றாலத்து அம்மனையே “எங்க அத்தை பேருள்ள தாயே” என்றுதான் கும்பிடுவாள். அந்த வட்டாரத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பேர்.

“சுந்தரபாண்டியபுரத்துப் பண்ணைவீட்டு ஆச்சியா?”

“எந்த வீடுன்னா என்ன? நல்ல குடும்பம். அப்பா மட்டும் கொஞ்சம் முன்கோபி.”

“பொம்பளைக்கு எதுக்குக் காரு?”

“அதை அவகிட்டல்லா கேக்கணும்.”

“இங்க பாரு, வித்த பெறகு அங்கன போயி ஓசியில கேட்டு ஏறக் கூடாது.”

“நான் எதுக்குக் கேக்கேன்? அவளே வந்து, ‘ஏறு, ஓட்டு’ன்னு சொன்னா?”

“அது அவ இஷ்டம். சொல்லுவாளாக்கும்!”

“அதையும் பத்திரத்துல எழுதிருங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது.”

தன் பெருந்தன்மையைத் தானே மெச்சிக்கொண்டு சம்மதித்தார். மறுநாள் முத்துவடிவு பணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். நோட்டெல்லாம் மிளகாய்வற்றல் வாடை. பண்ணைவீட்டுப் பணம் இப்படித்தான் மணக்கும் என்று மகிழ்ந்தார்.

வியாழக்கிழமை காலை, பத்திரம் எழுதும் நம்பிராஜன் கடை. சாட்சிக்குத் துணிக்கடை அகமது கபீரும் பக்கத்து வீட்டுப் பிச்சுமணியும் வந்திருந்தார்கள்.

“வாங்குதவங்க வெவரத்தை வீட்டுல ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தாக, அண்ணாச்சி. அப்படியே எழுதிட்டேன். ஒருதரம் பாத்துக்கிடுங்க.”

“பாக்கதுக்கு என்ன இருக்கு வே?” பெருமாள் பேனாவை உதறி, கொழும்பு பாணியில் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். “முடிஞ்சுது! இனிமே அவ அடுப்படிதான். நான் நிம்மதியாக் கப்பலேறுவேன்.”

“சாட்சிக்கு வாசிச்சுக் காட்டாம நான் கையெழுத்து வாங்குததில்ல,” என்று நம்பிராஜன் கண்ணாடியை மாட்டினார். உரக்க வாசித்தார்:

“காரை இன்று முதல் வாங்குபவர் தம் இஷ்டம்போல் யாரை வைத்தும் ஓட்டிக்கொள்ளலாம். விற்றவர் ஒரு வார்த்தை கேட்கப் பாத்தியதை இல்லை. வாங்குபவர்: தென்காசி, மேற்படி சிவனணைந்தபெருமாள் குமாரத்தி, வயது பத்தொன்பது, குழல்வாய்மொழி.”