மூன்றாம் ராஜேந்திரனின் வம்சம்

சரித்திரம் படித்தவனை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். டீ குடிக்கும் இடத்தில் மட்டும் பேச விடக் கூடாது. அப்படிப் பேசிக் கெட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். கும்பகோணத்திலிருந்து வந்து நெய்வேலிச் சுரங்கத்தில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். யார் எந்த ஷிப்ட், வந்தாரா இல்லையா என்று ரெஜிஸ்டரில் குறிப்பது என் வேலை. (பி.ஏ.வில் மூன்றாம் வகுப்பு. வாய்ப்பேச்சில் மட்டும் முதல் வகுப்பு.) பம்ப் பகுதியில் மூன்று கே. ராஜேந்திரன்கள் இருந்தார்கள். ஒருவர் லீவு போட்டால் இன்னொருவருக்கு ஆப்சென்ட் விழும். பெயரோடு டோக்கன் நம்பரையும் எழுதினால் தீர்ந்தது. ஆனால், மனிதனை நம்பரால் கூப்பிடுவதா என்று எனக்கு ரோஷம். வேலையில் சேர்ந்த வரிசைப்படி முதலாம் ராஜேந்திரன், இரண்டாம் ராஜேந்திரன், மூன்றாம் ராஜேந்திரன் என்று சிவப்பு மையில் எழுதினேன். (அதுவும் நம்பர்தான் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.)

கேன்டீனில் மூவரும் விளக்கம் கேட்டார்கள். விடுவேனா? முதலாம் ராஜேந்திர சோழன் கங்கை வரை படை அனுப்பியவன், கப்பல் அனுப்பிக் கடாரத்தை ஜெயித்தவன் என்றேன். எங்கள் முதலாமவர் கம்மாபுரத்துக்காரர், விருத்தாசலத்தைத் தாண்டாதவர். ஆனாலும் மீசையைத் தடவிக்கொண்டார். இரண்டாமவன் போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டவன் என்றதும் எங்கள் இரண்டாமவர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

“எனக்கு இன்னாங்க சார்?” என்றார் மூன்றாமவர். முத்தாண்டிக்குப்பத்துக்காரர், பரம சாது.

நரம்பில்லாத நாக்கு. “நீங்கதான் கடைசி. உங்களோட சோழ வம்சமே முடிஞ்சு போச்சு!” என்றேன்.

கேன்டீனே சிரித்தது. அவர் மட்டும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. முதலாமவர் என்னைத் தனியாக அழைத்தார். “ஏன் சார், கல்யாணமாயி ஆறு வருசம் கழிச்சி இப்பதான் அவன் சம்சாரம் முழுகாம இருக்குது. அவங்கிட்டப் போயா வம்சம் முடிஞ்சிபோச்சின்னு சொன்னீங்க?” சத்தியமாக எனக்குத் தெரியாது.

அதற்கடுத்த நாள், காலை ஷிப்ட் வரிசையில் நிற்கும்போது, ஏழு மாத வயிற்றோடு அந்த அம்மாள் என் ஜன்னலுக்கு வந்துவிட்டார். பின்னால் தலை குனிந்தபடி மூன்றாமவர்.

“டைம் ஆபீஸ்காரரு நீங்கதானா? ரெண்டு நாளா இவரு சோறு திங்காம மோட்டுவளையப் பாத்துக்கினு கெடக்குறாரு. பெத்துக்கப் போறவ நானே பயப்படல. சொன்னத வாபஸ் வாங்குங்க.”

“அம்மா, அது ராஜாக்கள் கதை...”

“ராஜா கதயோ கூஜா கதயோ, வம்சம் உண்டா இல்லியா?”

பரீட்சையில் வராத சரித்திரம் பயத்தில் வந்தது. சோழ வம்சம் அதற்கு முன்பும் ஒருமுறை அறுந்துபோக இருந்ததையும், முதலாம் ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன் வந்து பட்டம் ஏறியதையும், பிற்பாடு வேறு பட்டப்பெயரில் ஆண்டாலும் அவனுடைய சொந்தப் பெயரும் ராஜேந்திரன்தான் என்பதையும், அதன்பின் இருநூறு வருஷம் வம்சம் தழைத்ததையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

“அப்ப பொண்ணு பொறந்தாலும் வம்சம் உண்டுங்கிறீங்க?”

“உண்டும்மா.”

“எழுதிக் குடுங்க. சீல் வச்சி.”

ஷிப்டே வேடிக்கை பார்த்தது. எழுதினேன்: ‘மேற்படி கே. ராஜேந்திரன் அவர்களின் வம்சம் தொடரும் என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.’ ஆபீஸ் முத்திரையையும் குத்தினேன். விஷயம் மேலதிகாரியின் காதுக்குப் போயிற்று. “பிள்ளை வரம் கொடுக்கிற அதிகாரம் நம்ம ஆபீசுக்கு எப்ப வந்தது?” என்று கேட்டு ஒரு மெமோவை நீட்டினார். ரெஜிஸ்டரில் அன்றே டோக்கன் நம்பர் ஏறியது.

மெமோ பெரிதில்லை. அந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த மனிதர் ஜென்மத்துக்கும் என் வாயைத்தானே நினைப்பார்? இரண்டு மாதம் அவரைப் பார்க்கும்போதெல்லாம், “சாப்பிட்டாங்களா? தூங்கினாங்களா?” என்று விசாரித்தேன். மசக்கை எனக்குத்தான் என்று கேன்டீனில் பேச்சு.

ஒரு காலையில் மூன்றாமவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். “பொண்ணு சார்! ரெண்டு பேரும் சொகம். மொதல்ல உங்ககிட்ட சொல்லிட்டு வாங்கன்னு அனுப்பிச்சிது சார்!” ஜன்னலுக்கு வெளியே அவர் அழுதார், உள்ளே நான் அழுதேன். அன்று அவருக்கு ஆப்சென்ட் போட மறந்துவிட்டேன். (வேண்டுமென்றுதான்.)

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பெண்கள், அப்புறம் பேரன் பேத்திகள். ரிட்டயராகிக் கும்பகோணம் திரும்பிய பிறகும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் எனக்குத் தகவல் வந்துவிடும். முதலில் கடிதம், பிறகு போன். போன மாதம் கொள்ளுப்பேத்தி. என் மனைவிதான் போனை எடுத்தாள். அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டு அழுவது எனக்கே கேட்டது. சிரித்துக்கொண்டே போனை என்னிடம் நீட்டினாள்.

“உங்க சர்டிபிகேட் இன்னும் செல்லுதாம்.”